நெல்லைச் சீமை வீடுகளுக்கு எந்தச் சோலார் பொருந்தும்: ஆன்-கிரிட், ஆஃப்-கிரிட், ஹைப்ரிட்

திருநெல்வேலி, தென்காசிப் பகுதியில் மாடியில் சோலார் போட நினைக்கும் குடும்பத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் ஒன்று. அந்தக் கம்பியைச் சாராமல் பேட்டரியை நம்பி ஓடும் ஆஃப்-கிரிட் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஹைப்ரிட் மூன்றாவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு மாத மின்ரசீது 400 யூனிட்டைத் தாண்டும் பெரும்பாலான வீடுகளுக்கு, ரசீதுக்கு அளவாக எடுத்த ஆன்-கிரிட்டும், மின்தடைக்காக ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சிறிய பேட்டரி இன்வெர்ட்டரும் போதும். ஹைப்ரிட் சில வீடுகளுக்கு உண்மையிலேயே தேவை. ஆஃப்-கிரிட் என்பது மின்கம்பம் எட்டாத தோட்டத்து வீட்டுக்கே உரியது.

இதற்கு முதற்காரணம் நம் ஊர் வானிலை. ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சராசரி எல்லா மாதங்களிலும் ஒன்றுபோல் வருவதில்லை. செங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் ஜூன் முதல் சாரலும் மூட்டமுமாக இருக்கும்போது, நாங்குநேரி, வள்ளியூர், இராதாபுரம் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இரு பக்கத்தையும் மூடும். ஆஃப்-கிரிட் போட்டவர் இந்த மூட்டமான வாரங்களைப் பேட்டரியில் இருப்பதைக்கொண்டுதான் கடக்க வேண்டும். கோடையிலோ பிற்பகலுக்குள் பேட்டரி நிறைந்து, அதற்கு மேல் விழும் வெயில் யாருக்கும் உதவாமல் போகும். ஆன்-கிரிட்டில் அந்த உபரி யூனிட்டுகள் கம்பி வழியாக வெளியேறி, நம் கணக்கில் வரவாகி, அடுத்தடுத்த ரசீதுகளில் கழிகின்றன. ஏப்ரல், மே மாத வெயிலை ஐப்பசி மழைக்கு எடுத்துவைக்க எந்தப் பேட்டரியாலும் முடியாது, மீட்டரால் முடியும்.

பேட்டரியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் அடங்கும். அதன் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதிதான். இரவில் ஒரு ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் ஓடும் வீட்டுக்கு இப்படி எத்தனை வேண்டும் என்பதை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கவனமாகப் பார்த்துக்கொண்டாலும் நான்கைந்து ஆண்டுகளில் மாற்றவேண்டி வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கொடுக்கும், பத்தாண்டு உழைக்கும், தண்ணீர் கேட்காது. ஆனால் ஐந்து யூனிட் கொள்ளும் ஒன்றின் விலை ஏறத்தாழ லட்ச ரூபாயைத் தொடுகிறது. பேனலோ 25 ஆண்டு உத்தரவாதத்துடன் வருகிறது. மூன்று அமைப்புகளின் செலவிலும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது பேட்டரி ஒன்றுதான்.

ஆன்-கிரிட்டின் குறை, மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும் என்பது. நண்பகல் வெயிலில் பேனல் பளபளத்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் மின்விசிறி ஓடாதது பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே, கம்பியில் மின்சாரம் இல்லையென்று அறிந்த கணமே, பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றித் தரும் சோலார் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. எனவே மின்தடைக்கு வைத்திருக்கும் பழைய பேட்டரி இன்வெர்ட்டரை (யு.பி.எஸ்.) விற்றுவிடாதீர்கள், நான்கு விளக்கும் மூன்று மின்விசிறியும் அதில் ஓடட்டும். சோலார் இன்வெர்ட்டரின் கம்பியை யு.பி.எஸ். வெளிவரும் பக்கத்தில் கொடுக்காமல் மெயின் போர்டில்தான் கொடுக்க வேண்டும் என்பதை வயரிங் செய்பவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படுவதற்கெல்லாம் ஹைப்ரிட் வாங்குவது வீண்செலவு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையோரத்துத் தெருக்கள் மின்சாரமின்றிக் கிடந்ததை நினைத்துப் பார்த்தால், ஹைப்ரிட்டுக்காகப் பேசுகிறவர்களின் நியாயம் புரியும். வீட்டில் ஆக்சிஜன் கருவியை நம்பியிருக்கும் நோயாளியோ, மருந்தைக் குளிரில் வைக்கவேண்டிய தேவையோ இருந்தால் நான் தயங்காமல் ஹைப்ரிட்டையே சொல்வேன். ஊர்க் கடைசியில், மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீடுகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். வோல்டேஜ் வரம்பைத் தாண்டும்போதெல்லாம் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ளும், நல்ல வெயில் வீணாகும். ஆற்றங்கரைத் தெருக்களில் எந்த வகை போட்டாலும், இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கீழ்த்தளத்து வராந்தாவில் மாட்டாமல் மாடிப்படியின் மேல்முனையில் மாட்டுவதே நல்லது.

பணத்தின் பக்கம் வருவோம். 2024 பிப்ரவரி 13 அன்று அறிவிக்கப்பட்ட பிஎம் சூர்யா கர் திட்டத்தில் மத்திய அரசின் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் உச்சவரம்பு 78,000 ரூபாய். மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்புக்கே இது கிடைக்கும் என்பதால் ஆஃப்-கிரிட்டுக்கு ஒன்றுமில்லை. ஹைப்ரிட்டுக்கு மானியம் உண்டு, ஆனால் பேட்டரிக்காக ஒரு ரூபாயும் கூடுதலாக வராது. பேனலும், அதனுள் மின்சாரம் உண்டாக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அத்தகைய செல்களையும் பேனல்களையும் செய்யும் டாடா பவரின் 4.3 ஜிகாவாட் ஆலை நம் கங்கைகொண்டான் சிப்காட்டிலேயே இருக்கிறது. உள்நாட்டு செல் அல்லாத பேனலை யாராவது விலை குறைத்துக் கொடுத்தால், குறைந்த தொகையைவிட இழக்கும் மானியம் பெரிதாக இருக்கும்.

மானியம் இரண்டு கிலோவாட்டோடு இறங்குவதைக் கவனித்தால் அளவைத் தீர்மானிப்பது எளிது. விற்பனையாளர்கள் எல்லோருக்கும் மூன்று கிலோவாட்டையே பரிந்துரைக்கிறார்கள். ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பல வீடுகளுக்கு அது மிகை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை ஏறத்தாழப் பாதி விலை. 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலைச் சலுகையும் போய், தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். 1000-த்தைத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். 600 யூனிட் செலவழிக்கும் வீட்டின் ரசீது மூவாயிரத்தை நெருங்கும். அங்கே இரண்டு கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட் கழிந்து 120 யூனிட் மிஞ்சும். அதில் 100 இலவசம். ரசீதில் வரும் சில்லறைக் கட்டணங்களை விட்டுவிட்டால் அந்த வீடு கட்டவேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. மூன்றாவது கிலோவாட் அங்கே வெளியே அனுப்புவதற்காகவே உழைக்கும். ஆண்டுக் கணக்கு முடியும்போது மிஞ்சும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலையோ நாம் வாங்கும் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் சிறு குடும்பங்கள் பணத்துக்காகச் சோலார் போடவேண்டிய அவசியமே இல்லை என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். 1000 யூனிட்டைத் தொடும் வீட்டுக்கு மூன்றோ நான்கோ கிலோவாட் தகும்.

மானியத்தைக் கணக்கிட இரண்டு கிலோவாட்டுக்கு அரசு வைத்திருக்கும் அடிப்படை மதிப்பு ஒரு லட்சம் ரூபாய், மூன்றுக்கு 1,45,000. கடைவிலை இதற்கு மேலேதான் இருக்கிறது. பேனலைத் தாங்கும் சட்டகத்தை ஆள் நடமாடும் உயரத்துக்கு ஏற்றினால் இன்னும் கூடும். ஆன்-கிரிட்டில் போட்ட பணம் ஐந்தாறு ஆண்டுகளில் திரும்பும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஹைப்ரிட்டில் பேட்டரி அந்தக் காலத்தை வெகுவாக நீட்டிவிடும்.

அனுமதி விஷயத்தில் ஆஃப்-கிரிட்டுக்கு அலைச்சல் இல்லை. மின்வாரியத்தோடு அதற்குத் தொடர்பே கிடையாது. மற்ற இரண்டுக்கும் சூர்யா கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் சர்வீஸ் எண்ணைக் கொண்டு பதிந்து, அது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் செக்‌ஷன் அலுவலகத்துக்குப் போய், பதிவு பெற்ற விற்பனையாளர் வேலையை முடித்து, ஆய்வு நடந்து, உள்ளே வரும் யூனிட்டையும் வெளியே போகும் யூனிட்டையும் தனித்தனியே பதியும் இருவழி மீட்டர் பொருத்தப்பட்டு, அதன்பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். 2024-இல் திருத்திய மத்திய விதிகளின்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு (லோடு) போதாவிட்டால் அதைக் கூட்டித் தருவதும் மின்பகிர்மான நிறுவனத்தின் பொறுப்பு. வேலை முடிந்ததைத் தெரிவித்தபின் 15 நாளில் இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நடைமுறையில் கோப்பு நின்றுபோவது வேறோர் இடத்தில். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலோ, வீட்டை விற்றவர் பெயரிலோ இருக்கிறது. விண்ணப்பதாரர், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் நகராது. மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கும் பிள்ளை பணம் அனுப்பி, ஊரில் இருக்கும் அம்மா விண்ணப்பிக்கும் குடும்பங்களில் இது தவறாமல் நடக்கிறது. வாரிசுச் சான்றும் சொத்து வரி ரசீதும் கொடுத்துப் பெயர் மாற்றத்தை முடித்துக்கொண்டு அதன்பிறகு பேனலுக்கு முன்பணம் கொடுங்கள். முன்கட்டில் கடை நடத்தி, அதே மீட்டரில் வணிகக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு வீட்டு மானியம் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சங்கத் தீர்மானம் முதலில் வேண்டும். பொது விளக்கு, மோட்டார் முதலியவற்றுக்காகச் சங்கமே போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. உயர்த்திய சட்டகத்தின் கீழே சுவர் எழுப்பி அறையாக்கினால் அது கட்டடமாகிவிடும். உள்ளாட்சி அனுமதியும் வரியும் தொடர்ந்து வரும்.

இன்னொரு விஷயம் முக்கியம். இருவழி மீட்டர் வரும்முன் இன்வெர்ட்டரை ஓடவிடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய மின்னணு மீட்டர்கள் பல, வெளியே போகும் யூனிட்டையும் நாம் செலவழித்ததாகவே கூட்டிவிடும். பகலெல்லாம் உற்பத்தி செய்து அதற்கு நாமே பணம் கட்ட நேரும்.

சட்டகத்தில் தாழ்ந்ததா உயர்ந்ததா என்ற கேள்விக்கு ஊரைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பாயும் பணகுடி, காவல்கிணறு பக்கம் தாழ்வான சட்டகமே பாதுகாப்பு. வடகம் காயப்போடவும் கோடையில் படுக்கவும் மாடி வேண்டும் என்கிறவர்கள் உயர்த்தலாம், ஆனால் தளத்தின் வலுவைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். பழைய சுண்ணாம்புத் தளமாக இருந்தால் துளை போடவே வேண்டாம். உவரி, இடிந்தகரைக் கடலோரத்தில் முழுதும் துத்தநாகம் பூசிய இரும்போ அலுமினியமோதான் உப்புக்காற்றுக்குத் தாங்கும். பாபநாசம், குற்றாலம் பக்கம் குரங்குகள் கேபிளைப் பிடித்து இழுக்கும். குழாய்க்குள் விடாத ஒயர் அங்கே தங்காது.

பேனல் சாய்வைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. நெல்லை 8.7 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் தெற்கு நோக்கிப் பத்துப் பாகை போதும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. நிழல் விஷயம் அப்படியல்ல, அதைக் கவனித்தே ஆகவேண்டும். மார்கழிக் காலையில் தென்கிழக்கு மூலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையலாம். தொட்டியை இடம் மாற்ற வழியில்லாத மாடிகளில் மட்டும், பேனலுக்கொன்றாக வரும் மைக்ரோ இன்வெர்ட்டருக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம்; வெட்டவெளியான மாடிக்கு, வரிசை முழுவதற்கும் ஒன்றாக வரும் சாதாரண ஸ்டிரிங் இன்வெர்ட்டரே போதும்.

விலைப்பட்டியல்களை ஒப்பிடும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், பேனல் பக்கத்து டி.சி. மின்சாரம், வீட்டுப் பக்கத்து ஏ.சி. மின்சாரம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் இருக்கிறதா, சட்டகத்தின் கனம் எவ்வளவு, இன்வெர்ட்டர் உத்தரவாதம் ஐந்தாண்டா பத்தாண்டா, பழுதானால் யார் வந்து கழற்றுவார் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணையை இருவழி மீட்டர் பொருத்தி, உற்பத்தி அதில் பதிவாவதைக் கண்ணால் பார்த்தபின் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்கு இசையாத விற்பனையாளரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகலாம்.