பித்தளை பில்டரா, எவர்சில்வரா, மோக்கா பாட்டா, பிரெஞ்ச் பிரஸ்ஸா: எங்க வீட்டு அடுப்படிப் பஞ்சாயத்து

எங்க வீட்டு அடுப்படி மேடையில இப்ப நாலு காபி சாமான் நிக்குது. அம்மாவோட பித்தளை பில்டர், எங்க கல்யாணச் சீர்ல வந்த எவர்சில்வர் பில்டர், பெங்களூர்ல வேலை பாக்குற மச்சினன் கொண்டாந்து குடுத்த பிரெஞ்ச் பிரஸ் (பொடியச் சுடுதண்ணியில ஊற வச்சு, சல்லடைய அமுக்கி வடிக்கிற ஜாடி), அப்புறம் நானா ஆசப்பட்டு ஆன்லைன்ல வாங்குன மோக்கா பாட் (அடுப்புல வச்சு ஆவியில காபி ஏத்துற பாத்திரம்). மிக்ஸி வைக்க எடமில்லாம பிரிட்ஜ் மேல ஏறிருச்சு. ரெண்டையாச்சும் கழிச்சு விடுங்க, இல்லாட்டி நாலையும் பழைய பாத்திரக்காரர்ட்ட எடைக்குப் போட்டுருவேன்னு வீட்ல சொல்லிட்டாங்க. எதக் கழிக்கிறதுன்னு தெரியணும்ல, அதுக்காக ஒரு சின்னத் தராசு வாங்கி வச்சுக்கிட்டு ஒரு மாசம் எல்லாத்துலயும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். (தராசு வாங்குனதுக்கும் தனியா திட்டு விழுந்துச்சு.)

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். பால் ஊத்திக் குடிக்கிற ஆளா, பால் இல்லாமக் குடிக்கிற ஆளான்னு முடிவு பண்ணாம கடைக்குப் போகாதீங்க. வீடியோவப் பாத்துட்டு சாமான் வாங்குறவங்க ஏமாந்து போறது இதுலதான், ஏன்னா அதுல பேசுறது பூரா கருப்புக் காபி, நம்ம வீட்ல ஓடுறது முக்கா டம்ளர் பாலு.

தராசுல வச்சதும் கணக்கு பளிச்சுன்னு தெரிஞ்சிருச்சு. பில்டர்ல நான் 20 கிராம் பொடிக்கு 120 மில்லி தண்ணி ஊத்துறேன், பொடி தன்னோட எடையப் போல ரெண்டு மடங்கு தண்ணியக் குடிச்சுப் பிடிச்சுக்கிரும், அதனால கீழ எறங்குறது 80 மில்லி சொச்சம்தான், ஆனா அது டிகாஷன்னு சொல்லத் தகுந்த டிகாஷன், ஒரு கரண்டி விட்டாலே பால் நெறம் மாறிரும். மோக்கா பாட்ல 15 கிராமுக்கு 150 மில்லி. பிரெஞ்ச் பிரஸ்ல 30 கிராமுக்கு 450. அதாவது ஒண்ணுக்கு ஆறு, ஒண்ணுக்குப் பத்து, ஒண்ணுக்குப் பதினஞ்சு. பிரஸ்ல போட்டத எடுத்துப் பால்ல ஊத்துனா என்ன ஆகும்? பால்காரர் தண்ணி ஊத்திட்டாருன்னு சண்டைக்குப் போறோம், இங்க நாமளே ஊத்திக்கிறோம், அம்புட்டுத்தான்.

இப்ப பில்டர். இது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சே யாரும் ஒழுங்காச் சொல்லிக் குடுக்குறதில்ல. மேல் பாத்திரத்துல பொடியப் போட்டு பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டி சமமாக்கி, குடைய (தண்டு வச்ச ஓட்டைத் தட்டு) வச்சு லேசா அமுக்குனா போதும், ஏறி உக்காந்து அமுக்க வேண்டியதில்ல. ஊத்துற தண்ணி ஒரே எடத்துல குழி பறிக்காம பரவலா எறங்கத்தான் அந்தக் குடை. தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அரை நிமிஷம் விட்டு ஊத்தணும்னு நான் படிச்சு வச்சிருந்தேன், அம்மா கொதிக்கக் கொதிக்கவே ஊத்துவாங்க. ஆறிக் கெடக்குற பாத்திரம் கொஞ்சம் சூட்ட இழுத்துக்கிரும்ங்கறதால அவங்க செய்றதும் சரிதான்னு பெறகு தோணுச்சு.

டிகாஷன் எம்புட்டு எறங்கிருக்குன்னு பாக்க அம்மா மேல் பாத்திரத்தக் கழட்டவே மாட்டாங்க. புறங்கைய கீழ் பாத்திரத்துல வச்சு அடியில இருந்து பைய மேல கொண்டுபோவாங்க, சூடு எங்க நிக்குதோ அதுதான் மட்டம். "ரெண்டு பேருக்கு ஆச்சு, பால வையி"ம்பாங்க. எவர்சில்வர்ல இது நல்லாத் தெரியும், ஏன்னா அது சூட்ட அவ்வளவா கடத்தாது. பித்தளையில சூடு மேல வரைக்கும் பரவிரும், எனக்கு ஒண்ணும் பிடிபடல, அவங்களுக்கு அதுலயும் தெரியுது. அம்பது வருசப் பழக்கம்.

சில நாள் சொட்டு நின்னு போகும். ஒண்ணு பொடி ரொம்ப நைசா அரைபட்டிருக்கும், இல்லாட்டி ரெண்டு பாத்திரமும் இறுகி உள்ள இருக்குற காத்து வெளிய போக வழியில்லாம அடைச்சிருக்கும். மேல் பாத்திரத்த லேசாத் திருகித் தூக்கி வச்சா காத்து போயிரும், திரும்பச் சொட்ட ஆரம்பிச்சிரும். இதுக்காகக் கரண்டிய வச்சு மடார் மடார்னு அடிச்சு பில்டர நசுக்குனவங்கள எனக்குத் தெரியும், பேரு வேண்டாம், நான்தான்.

பித்தளை, எவர்சில்வர் ரெண்டுக்கும் ருசியில வித்தியாசம் இருக்கான்னு ஒரு ஞாயித்துக்கெழம அம்மாவுக்குத் தெரியாம ரெண்டுலயும் போட்டு ஒரே மாதிரி டவரா டம்ளர்ல குடுத்தேன். மூணு தடவ குடுத்ததுல ரெண்டு தடவ எவர்சில்வர் காபியத்தான் "இது நம்ம பில்டர் காபி"ன்னாங்க. விஷயத்தச் சொன்னதும் "இன்னிக்குப் பாலு சரியில்ல"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. என் நாக்குக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல. பித்தளைக்கு ஒரு வெயிட்டு இருக்கு, கையில எடுத்தா ஒரு சந்தோசம் இருக்கு, அதுக்குக் காசு குடுக்கலாம்னா குடுங்க, ருசிக்குன்னு சொல்லி வாங்காதீங்க.

பித்தளைக்குச் சோலியும் அதிகம். உள்பக்கம் ஈயம் பூசிருக்கான்னு பாக்கணும், அது தேஞ்சு போனா திரும்பப் பூசணும். இங்க ஈயம்னா வெள்ளீயம், காரீயம் வேற, அது வெசம், ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. இன்னொண்ணு, எவர்சில்வர் பில்டர் ஓட்டையில பொடி அடைச்சுக்கிட்டா மேல் பாத்திரத்த மட்டும் கவுத்து அடுப்பு நெருப்புல ஒரு நிமிஷம் காட்டுவோம், பொடி கருகி ஓட்டை தொறந்துக்கிரும். இத ஈயம் பூசுன பித்தளையில செஞ்சிராதீங்க, வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிரும், பூச்சு போச்சு. அதுக்கு ஊசிதான்.

உலோகத்த விட ஓட்டை முக்கியம். வெங்கலக்கடைத் தெருவுக்கோ எந்தப் பாத்திரக்கடைக்கோ போனாலும் மேல் பாத்திரத்த மட்டும் எடுத்து வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. ஊசி குத்துன மாதிரி சின்னதா, ஒரே அளவுல, வரிசையாத் தெரியணும். பெருசா இருந்தா தண்ணி ஒரு நிமிஷத்துல எறங்கிரும், நெறம் இருக்கும் சத்து இருக்காது. அப்புறம் ரெண்டு பேருக்கு ஆறு பேர் அளவு பில்டர் வாங்காதீங்க. கொஞ்சூண்டு பொடி அடியில பரவிக் கெடந்தா தண்ணி அதுல நிக்காம ஓடிரும், பொடி ஒரு ரெண்டு விரக்கடை ஒசரமாவது நிக்கணும்.

மோக்கா பாட்டுக்கு வருவோம். இத்தாலிக்காரங்க சாமான், 1933ல பியாலெட்டி கொண்டாந்தது. அடியில தண்ணி, நடுவுல பொடி, அடுப்புல வச்சா ஆவி தண்ணிய மேல தள்ளி பொடி வழியா மேல் பாத்திரத்துக்கு ஏத்திவிடும். எஸ்பிரெசோன்னு (மெஷின்ல அழுத்தி எறக்குற கெட்டிக் காபி) சொல்லி விக்கிறாங்க, அது இல்ல, எஸ்பிரெசோவுக்கு 9 பார், அதாவது காத்தழுத்தத்தப் போல ஒம்பது மடங்கு அழுத்தம் வேணும், இதுல ஒண்ணு ரெண்டு பார் வந்தாப் பெருசு. ஆனாலும் அஞ்சு நிமிஷத்துல ஓரளவு கெட்டியா கெடைக்குது, பால் தாங்குது. பில்டர்ல அர மணி நேரம் காத்துக் கெடக்கணும், திடீர்னு நாலு பேர் வந்துட்டா இதுதான் கைகுடுக்கும்னு நெனச்சு வாங்குனேன்.

மொத நாள் நடந்தத மறக்க முடியாது. வீட்ல இருந்த சிக்கரி கலந்த காபிப் பொடி, நைசா அரைச்சது, பில்டருக்குப் போடுற மாதிரியே நெறச்சு நல்லா அமுக்கி, அவசரத்துக்கு அடுப்பப் பெருசா வச்சேன். சிக்கரி தண்ணி பட்டா பிசுபிசுன்னு ஆயிரும்னு அன்னிக்குத் தெரியாது. ஆவிக்கு மேல போக வழியில்ல, பக்கத்துல இருக்குற சின்ன வால்வு வழியா உஸ்ஸுன்னு சீறி அடிச்சுச்சு பாருங்க, வீட்டம்மா சாமி ரூமுக்குள்ள ஓடிட்டாங்க, நான் இடுக்கியத் தேடி அங்குட்டும் இங்குட்டும் ஓடுறேன், கேஸ அணைக்கணும்னு தோணல. வால்வு இருந்ததால தப்பிச்சோம். அந்த வால்வு மட்டத்துக்குக் கீழதான் தண்ணி ஊத்தணும்னும், பொடிய அமுக்கவே கூடாதுன்னும் அதுக்கப்புறம் படிச்சேன். சிக்கரி இல்லாத பொடிய பில்டர் அரவைக்கு ஒரு மாத்து தடிசா வாங்கி, அடியில சுடுதண்ணியே ஊத்தி, சிம்ல வச்சு, களகளன்னு சத்தம் வந்ததும் எறக்கிட்டா நல்லாவே வருது. இல்லாட்டி கசப்பு ஏறிரும். இன்னொரு வில்லங்கம், அலுமினியத்துல வர்றது இண்டக்ஷன் அடுப்புல சூடேறாது. கேஸ் அடுப்புலயும் குட்டி சைசு பாட் பெரிய பர்னர் கம்பி மேல நிக்காம சாயுது.

பிரெஞ்ச் பிரஸ்ஸ மச்சினன் குடுத்தப்ப ஒரு பேச்சும் குடுத்தான். "மாமா, இதுல பால் ஊத்துனீங்கன்னா உங்களோட பேச மாட்டேன்." ஊத்தத்தான் செஞ்சேன், பேசிக்கிட்டுத்தான் இருக்கான். ஆனா அவன் சொன்னது சரி. இதுக்கு ரவை மாதிரி தடிசா அரைச்ச, சிக்கரி கலக்காத பொடி வேணும். நாலு நிமிஷம் ஊற வச்சு அமுக்கி ஊத்திக் குடிச்சா காபிக்கொட்டையோட உண்மையான ருசி தெரியும். நம்ம பக்கமே, கொடைக்கானல் கீழ்மலையில இருக்குற தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைக் காபி, அரபிகா ரகம்தான் பெரும்பாலும், மிளகுக் கொடி ஏறுன நெழல் மரத்தடியில வளர்றது, காபி போர்டோட ஆராய்ச்சி நிலையம் கூட தாண்டிக்குடியில இருக்கு. அந்தக் கொட்டைய பில்டர்ல சிக்கரியோட போட்டு பாலும் சீனியும் கலந்து குடிக்கிறப்ப காபின்னு மட்டும்தான் தெரிஞ்சுச்சு. பிரஸ்ல போட்டா லேசா ஒரு பழப் புளிப்பு வருது. பக்கத்துல ஆரஞ்சு மரம் நிக்கிறதால அந்த வாசம்னு மச்சினன் கத விட்டான், அதெல்லாம் சும்மா. அடியில வண்டல் நிக்கும், கடைசி மடக்க விட்டுறணும். கொலஸ்ட்ரால் இருக்குறவங்க தெனம் இத வச்சுக்க வேணாம், காபியில இருக்குற ஒரு எண்ணெய்ச் சத்து பேப்பர் பில்டர்ல தங்கிரும், இதுல தங்காம அப்படியே வந்துரும், அது கொலஸ்ட்ரால ஏத்தும்.

கரண்ட்ல ஓடுற டிரிப் மெஷின் பக்கத்து வீட்ல இருக்கு. பில்டர் செய்ற அதே வேலையத்தான் செய்யுது, கழுவுறதுக்குத்தான் சாமான் கூட. இன்ஸ்டன்ட் பத்தி இங்க பேசல, பஸ்ஸுக்குப் போற அவசரத்துக்கு நானும் குடிக்கிறவன்தான்.

நாலு சாமானையும் விட பெரிய வித்தியாசம் தண்ணியில வந்துச்சு, இதத்தான் நான் எதிர்பாக்கல. எங்க ஏரியா போர் தண்ணி உப்பு, பாத்திரத்துல ஒரு வாரத்துல வெள்ளையாப் படிஞ்சிரும். அதுல போட்ட டிகாஷன் நெறம் கருகருன்னு இருக்கும், ருசி மண்ணு மாதிரி செத்துப் போய் இருக்கும், தண்ணியில இருக்குற காரத்தன்மை காபியோட புளிப்ப அடிச்சிருது. ஆர்ஓ தண்ணியில நேர்மாறு, ரொம்பத் தட்டிப்போய் வெறுமையா இருக்கு. டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்புகளோட அளவு) 150 பக்கம் இருந்தா காபிக்கு நல்லதுன்னு சொல்றாங்க. கார்ப்பரேஷன் தண்ணி வர்ற அன்னிக்கு ரெண்டு கொடம் தனியாப் பிடிச்சு வச்சு அதுலதான் இப்ப போடுறேன், எவர்சில்வர் பில்டரும் அந்தத் தண்ணியும் சேந்தா போர் தண்ணி ஊத்துன எந்தச் சாமானும் பக்கத்துல நிக்க முடியாது.

பொடியும் அப்படித்தான். காபி சிக்கரி கலவையில காபி 51 சதவீதத்துக்குக் கொறையக் கூடாதுன்னு சட்டம், பாக்கெட்ல ரெண்டோட சதவீதமும் போட்டிருப்பாங்க, நம்ம ஆளுங்க அதப் பாக்குறதில்ல. 53க்கு 47ன்னு இருக்குறத வாங்கிட்டு டிகாஷன் கெட்டியா இருக்குன்னு சந்தோசப்பட்டா அந்தக் கெட்டி பாதி சிக்கரியோடது. நான் வறுத்து அரைக்கிற கடையில பீபெரி (உருண்டையா ஒத்தக் கொட்டையா வெளையிறது) பாதி, பிளாண்டேஷன் (கழுவிப் பதப்படுத்துன அரபிகா) பாதி, அதுக்கு 15 சதவீதம் சிக்கரின்னு சொல்லி கால் கிலோ மட்டும் வாங்குறேன். பத்து நாள்ல தீந்துரும். அரை கிலோ வாங்குனா கடைசி வாரம் வாசமே இருக்காது.

சரி, தீர்ப்பு. பால் காபிக்கு சின்ன ஓட்டை போட்ட எவர்சில்வர் பில்டர், சந்தேகமே வேண்டாம், வெலையும் இருக்குறதுலயே கம்மி. தனி ஆளா ரூம்ல இருக்கீங்க, காத்திருக்க நேரமில்லன்னா மோக்கா பாட், கேஸ் அடுப்பு இருந்தா மட்டும். பால் இல்லாமக் குடிக்கிறவங்களுக்கு பிரஸ். மோக்கா பாட்ட சென்னையில தனியா இருக்குற கூட்டாளிக்கு, பொடிய அமுக்காதடான்னு பத்து தடவ சொல்லி, தூக்கிக் குடுத்துட்டேன். பித்தளைய எடுக்க முடியாது, அம்மா இருக்காங்க. பிரஸ்ல ஞாயித்துக்கெழம எனக்கு ஒரு கப்பு ஓடுது. ரெண்டாவதா எவர்சில்வர் பில்டரப் பரண்ல போட்டுட்டு பித்தளைய வச்சே ஓட்டிக்கிருவோம்னு வீட்ல சொன்னேன். "அது எங்கப்பா வாங்கிக் குடுத்தது, அதுல கைய வச்சீங்க அவ்வளவுதான்"னுட்டாங்க. மிக்ஸி இன்னும் பிரிட்ஜ் மேலதான் இருக்கு.