பெட்டியா, பையா, கடைவாசலா, காசா? உணவு வங்கிக்குச் சேகரிக்கும் நான்கு வழிகள்

இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் உணவு வங்கிக்கு உதவுவோம் என்று ஊர்ச்சங்கமோ பழைய மாணவர் சங்கமோ கூட்டத்தில் முடிவெடுத்தால், அடுத்த கிழமையே யாராவது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மண்டப வாசலில் வைத்துவிடுவார்கள். நமக்குப் பழக்கமான வழி அதுதான். ஆனால் வீடுவீடாகப் பை கொடுத்தும் வாங்கலாம், கடைவாசலில் நின்றும் சேர்க்கலாம், காசாகவே சேர்த்தும் கொடுக்கலாம். கனடாவின் ரொறன்ரோவை, குறிப்பாகத் தமிழர் நிறைய இருக்கும் அதன் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவை மனதில் வைத்து இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நல்ல மனதோடு செய்தால் எல்லாம் ஒன்றுதான் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே உழைப்புக்குக் கிடைக்கும் பலன் வழிக்கு வழி நிறையவே மாறுகிறது.

தேவை அப்படி இருக்கிறது. 2024 மார்ச் மாதத்தில் மட்டும் கனடா முழுவதும் மக்கள் 20 லட்சத்துக்கும் அதிகமான தடவை உணவு வங்கிகளுக்குப் போயிருக்கிறார்கள். 2019 மார்ச்சோடு பார்த்தால் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. போனவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிள்ளைகள். அந்த ஆண்டு டிசம்பரில் ரொறன்ரோ நகரசபை உணவுப் பாதுகாப்பின்மையை அவசரநிலை என்றே அறிவித்தது. ரொறன்ரோவின் டெய்லி பிரெட் உணவு வங்கி 1983இல் தொடங்கியபோது கொஞ்சக் காலத்துக்கான ஏற்பாடு என்றுதான் நினைத்தார்கள். நாற்பது வருடம் கடந்தும் வரிசை குறையவில்லை.

முதலில் பெட்டி. இதற்குச் செலவில்லை, ஆளும் அதிகம் தேவையில்லை, கோயிலிலோ பள்ளியிலோ அடுக்குமாடி வாசலிலோ ஒரு மாதம் வைத்துவிடலாம். சிக்கல் பெட்டி நிரம்பிய பிறகுதான் தொடங்குகிறது. உணவு வங்கியின் தரம்பிரிக்கும் மேசையில் ஒரு மணித்தியாலம் நின்றால் போதும், விஷயம் விளங்கிவிடும். ஒவ்வொரு டின்னையும் கையில் எடுத்துத் திருப்பித் திகதி பார்க்க வேண்டும். மூடி உப்பியிருந்தால் கழிவு. விளிம்பில், இரண்டு தகடு சேரும் இடத்தில் ஆழமாக நசுங்கியிருந்தாலும் கழிவு. கண்ணாடிப் போத்தல் ஒன்று உடைந்து தக்காளிச் சோஸ் வழிந்திருந்தால், அதற்குக் கீழே இருந்த மா, பாஸ்தா, தானியம் எல்லாம் அதோடு போகும். 'இந்தத் திகதிக்கு முன் சிறந்தது' என்று போட்டிருப்பது தரத்தைப் பற்றியது, அந்த நாள் கடந்ததும் உணவு கெட்டுவிடும் என்று பொருளில்லை. அதனால் அப்படியான சிலவற்றை ஏற்றுக்கொள்ள இடமிருக்கிறது. குழந்தைப் பால்மாவில் இருப்பதோ உண்மையான காலாவதித் திகதி. அது தாண்டினால் எறிவதைத் தவிர வழியில்லை. உணவு வங்கிகள் அதிகம் தேடும் பொருள்களில் பால்மா ஒன்று என்பதால், அதை எறியும்போது நெஞ்சு பொறுக்காது.

நம் வீடுகளிலிருந்து வருகிற சாமானில் தனியாகக் கவனிக்க வேண்டியவையும் உண்டு. வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், போட்ட ஊறுகாய், சுட்ட பலகாரம் எல்லாம் அன்போடு தரப்படுபவைதான், ஆனால் முத்திரை உடையாத, உள்ளடக்கம் அச்சிட்ட பொதியை மட்டுமே அவர்களால் வாங்க முடியும். அரிசி மிக நல்ல கொடை. ஆனால் தமிழ்க் கடையில் வாங்கும் நாற்பது இறாத்தல் மூட்டையைப் பிரித்துச் சின்னப் பொதிகளாக்கச் சிறிய உணவு வங்கிகள் பலவற்றில் இடமும் இல்லை, ஆளும் இல்லை. அதே காசுக்கு இரண்டு கிலோ பொதிகளாக வாங்கிக் கொடுத்தால் அன்றைக்கே குடும்பங்களின் கைக்குப் போய்விடும்.

வீடுவீடாகப் பை கொடுக்கும் முறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு சனிக்கிழமை பையையும் துண்டுப்பிரசுரத்தையும் வாசலில் வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை போய் எடுக்க வேண்டும். தனி வீடுகள் இருக்கும் தெருவில், நல்ல காலநிலையில், காரும் இளைஞர்களும் இருந்தால் நன்றாக நடக்கும். அடுக்குமாடிகளில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் உள்ளேயே போக முடியாது. ஸ்காபரோவில் நம்மவர்கள் எத்தனையோ பேர் அடுக்குமாடியில்தான் இருக்கிறார்கள். வரும் சாமானும் பெட்டியில் வருவது போலத்தான், அலுமாரியின் பின்வரிசையில் கிடந்தது.

பொருளாகச் சேர்ப்பதென்றால் என் தெரிவு கடைவாசல். கடை முகாமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, சனிக்கிழமை காலை உள்ளே போகும் வாசலில் இரண்டு பேர் சிறிய பட்டியலோடு நிற்க வேண்டும், வெளியே வரும் வாசலில் ஒருவர் தள்ளுவண்டியோடு நிற்க வேண்டும். பட்டியலில் மூன்றே மூன்று பொருள்: டின்மீன், பருப்பு, பால்மா என்பது போல. வருகிறவர்களில் பலர் பட்டியலை முழுதாக வாசிக்கக்கூட மாட்டார்கள். "தம்பி, என்ன வேணும் எண்டு சொல்லு, வேண்டித் தாறன்" என்று கேட்டு, மீன் டின் இரண்டைக் கொண்டுவந்து வண்டியில் வைத்துவிட்டுப் போகும் அம்மாக்கள் இருக்கிறார்கள். சாமான் புதிது, திகதி நீண்டது, ஏற்கெனவே வகை பிரிந்தே வருகிறது. தரம்பிரிக்கும் மேசையில் வேலை பாதியாகக் குறைகிறது. ஆள்பலம்தான் இதற்கு விலை. காலை முழுவதும் மாறி மாறி நிற்க ஏழெட்டுப் பேராவது வேண்டும், சாமான் ஏற்ற ஒரு வானும் வேண்டும்.

இனிக் காசு. நான்கில் அதிக உணவைக் கொடுப்பது இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாம் சில்லறை விலைக்கு வாங்குவதை உணவு வங்கி லொறிக் கணக்கில் மொத்த விலைக்கு வாங்குகிறது. டின்னில் அடைக்க முடியாத முட்டை, பால், மரக்கறி, பழம் எல்லாம் காசு இருந்தால்தான் வாங்கலாம். இந்தக் கிழமை பருப்பு நிறைய வந்து எண்ணெய் இல்லையென்றால் எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பவருக்கு வரிச் சலுகைக்கான பற்றுச்சீட்டும் கிடைக்கும். பெட்டியில் போட்ட டின்னுக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை.

அப்படியிருந்தும் நம் சங்கங்கள் காசு கேட்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. சேர்த்த காசுக்குக் கணக்கு எங்கே என்ற கேள்வி நம்மிடையே எத்தனையோ நல்ல முயற்சிகளை முறித்திருக்கிறது. கேட்பவர்களையும் குறைசொல்ல முடியாது. தனியொருவரின் வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்பச் சொன்னால் யாரும் யோசிப்பார்கள். இதற்கு வழி எளிது: காசு சங்கத்தின் கையைத் தொடவே வேண்டாம். உணவு வங்கியிடம் கேட்டு, உங்கள் சேகரிப்பின் பெயரில் அவர்களுடைய தளத்திலேயே ஒரு பக்கம் திறக்கச் சொல்லலாம். கொடுப்பவர் நேரே அங்கே கொடுப்பார், பற்றுச்சீட்டு நேரே அவருக்கு வரும், எவ்வளவு சேர்ந்தது என்பதை எல்லோரும் பார்க்கலாம்.

காசில் ஒரு குறை இருக்கிறது, அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதில் வேலையில்லை. கடையில் தன் கையால் ஒரு பொதியைத் தெரிந்தெடுத்து வண்டியில் வைக்கிற பிள்ளை, நம் தெருவிலேயே பசியோடு படுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போகிறது. கைத்தொலைபேசியில் அம்மா அழுத்தும் பொத்தான் அதற்கு எதையும் சொல்வதில்லை. அதனால் ஒரு குழுவால் வருடத்தில் ஒரு தடவைதான் முடியுமென்றால் காசு, இரண்டு தடவை முடியுமென்றால் ஒன்று காசு, மற்றது கடைவாசல் என்பேன். பெட்டியை வைக்கத்தான் வேண்டுமென்றால் அதன்மேல் ஒரே பொருளின் பெயரை எழுதி வையுங்கள். சேர்ந்தது கொஞ்சமென்றால் ரொறன்ரோவின் தீயணைப்பு நிலையங்களிலும் கொடுக்கலாம்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். ஒக்ரோபர் நன்றியறிதல் நாளுக்கும் நத்தாருக்கும் ஊரே கொடுக்கும். அது முடிந்ததும் வரத்து இறங்கிவிடும். நமக்கோ ஜனவரியில் தைப்பொங்கலும், கனடாவில் தமிழர் மரபைக் கொண்டாடும் மாதமான தமிழ் மரபுத் திங்களும் வருகின்றன. கடைவாசலில் நின்று அரிசியும் பருப்பும் சேர்க்க அதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. காசுச் சேகரிப்பை ஜூலைக்கு வைக்கலாம். அப்போது பள்ளி விடுமுறை, பள்ளியில் கிடைத்த காலைச் சாப்பாடும் நின்றுவிடும், கொடுப்பவர்களில் பலர் விடுமுறையில் வெளியூர் போயிருப்பார்கள். எந்த மாதமானாலும் துண்டுப்பிரசுரம் அச்சடிக்க முன்பு உணவு வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, இப்போது எது இல்லை, எந்த நாளில் எத்தனை மணிக்குச் சாமான் இறக்கலாம் என்று கேட்டுவிடுங்கள்.