காலைக் குளிரில் முரண்டு பிடிக்கும் பழைய மோட்டார்: பிளக்கா, கார்புரேட்டரா, ரிங்கா?

மார்கழி வாடையில், விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஃபைபர் படகை இறக்கி, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பதினைந்து தடவை இழுத்தும் மோட்டார் எடுக்கவில்லை என்றால் தோள்பட்டை விட்டுப்போகும். இருபதாவது இழுப்பில் புகையைக் கக்கிக்கொண்டு எடுக்கும். அப்புறம் நாள் முழுக்க நன்றாக ஓடும். சூடாக இருக்கும்போது நிறுத்தி இழுத்தால் ஒரே இழுப்புதான். படகின் பின்னால் மாட்டும், எரிபொருளோடு ஆயில் கலந்து ஓட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை இது. கரையில் கேட்டால் மூன்று பதில் வரும்: பொறி கொடுக்கும் பிளக்கை மாற்று, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்று, பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் போயிருக்கும், பிஸ்டனை இறக்கு. செலவில் மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

என் கட்சி கார்புரேட்டர். ஆனாலும் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும். பத்து இழுப்புக்கு அப்புறமும் காய்ந்து கிடந்தால் எரிபொருள் சிலிண்டருக்கு வரவே இல்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், ஒன்று பொறி இல்லை, இல்லாவிட்டால் சோக் (காற்றைக் குறைத்து எரிபொருளைக் கூட்டும் தகடு) அதிகமாகிவிட்டது. நனைந்து மண்ணெண்ணெய் வாடை அடித்தால் சங்கதியே வேறு.

நம் கடற்கரையில் பல மோட்டார்கள் பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெட்ரோல் நம் ஊர்க் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாக ஏறக்குறைய 38 டிகிரி சூடாவது வேண்டும். விடியற்காலைச் சிலிண்டருக்கு அந்தச் சூடு ஏது? எங்கள் மோட்டாரில் ஒரு வருடம் இதே பாடுதான். இரண்டு வாரம் பிளக்காக வாங்கி மாற்றினோம். ஒரு நாள் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத் திருகைத் தளர்த்தி உள்ளே இருந்ததை ஒரு டப்பாவில் பிடித்தேன். முழுக்க மண்ணெண்ணெய். முந்தின நாள் கரை ஏறும்போது பெட்ரோலுக்கு மாற்றாமல் அப்படியே நிறுத்தியிருந்தோம். கரையை நெருங்கும்போதே குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பி இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் காசே செலவில்லாமல் தீர்கிற தொல்லை அது.

பிளக் மாற்றுவது மலிவு, ஐந்து நிமிட வேலை. அதனால்தான் எல்லாரும் அதில் தொடங்குகிறார்கள். கரிபிடித்து இடைவெளி அகன்றுபோன பிளக் என்றால் பலன் கிடைக்கும். வாங்கும்போது எண்ணைப் பாருங்கள்: என்ஜிகே கம்பெனியின் பி7எச்எஸ் வேறு, பி7எச்எஸ்-10 வேறு, கடைசியில் வரும் 10 என்பது பொறி தாவும் முனைகளுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி. புதுப் பிளக் போட்டு நான்கு நாளில் மறுபடி அடம்பிடித்தால் நோய் வேறிடத்தில். ஆயிலைக் கண்ணளவில் ஊற்றுபவர்களுக்குப் பிளக் சீக்கிரம் நனையும். 50:1 (ஐம்பது பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு ஆயில்) கேட்கிற மோட்டாருக்கு லிட்டருக்கு 20 மில்லிதான். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் மீதும் சிலர் பழி போடுவார்கள். கெட்டுவருகிற காயில் பெரும்பாலும் சூடான பிறகுதான் படுத்துக்கொள்ளும். குளிரில் மட்டும் வரும் தொல்லைக்கு அதை நான் கடைசியில்தான் சந்தேகிப்பேன்.

கார்புரேட்டர் வேலை அரை நாள் பிடிக்கும், கேஸ்கெட் செலவு உண்டு, பொறுமையும் வேண்டும். ஆனால் பழைய மோட்டாரில் குளிர்க்கால முரண்டுக்கு அதிகம் பலன் கொடுத்தது எனக்கு இதுதான். மெதுவாக ஓடும்போது எரிபொருள் விடும் பித்தளைத் துண்டான பைலட் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான். கழற்றி டார்ச் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். எங்களுடையதில் இருட்டுதான் தெரிந்தது. காய்ந்த எரிபொருள் பழுப்புப் பிசினாக உறைந்திருந்தது. பெட்ரோலில் ஊறவைத்து, ஒயரிலிருந்து பிரித்த ஒரே ஒரு செம்பு இழையை நுழைத்து எடுத்தேன். இரும்புக் கம்பி, ஊசி எதுவும் கூடாது. பித்தளைத் துளை அகன்றால் ஜெட் வீண். கழற்றும் முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள்: சோக் தகடு முழுசாக மூடுகிறதா, எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர் பம்ப்பை அமுக்கினால் கல் மாதிரி இறுகுகிறதா. இறுகாவிட்டால் பெரும்பாலும் குழாயில் காற்று இழுக்கிறது, முதலில் அதைப் பாருங்கள், கார்புரேட்டரை அப்புறம் தொடலாம்.

சரி, எரிபொருள்தான் குற்றவாளி என்று எப்படி உறுதிசெய்வது? ஆயில் கலந்த பெட்ரோல் அரை ஸ்பூன் பிளக் துளையில் விட்டு, பிளக்கைப் பூட்டி இழுங்கள். உடனே எடுத்து, சில நொடியில் நின்றால் கார்புரேட்டர் பக்கம் போகலாம். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பவர்களும் உண்டு. அதில் ஆயில் கிடையாது; டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் வழவழப்பைக் கழுவிவிடும் என்பதால் எனக்கு அது பிடிக்காது.

ரிங் மாற்றுவதுதான் பெரிய செலவு. அளக்காமல் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுசாகத் திறந்து, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜைப் பிளக் துளையில் பொருத்தி இழுத்துப் பாருங்கள். எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால், அந்த அளவு மோட்டாருக்குரியதாகவும் இருந்தால், ரிங்கை விட்டுவிடலாம். ஒன்று மற்றதைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சந்தேகம் நியாயமானது. அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். முள் நன்றாக மேலே ஏறினால் ரிங்தான். ஏறவில்லை என்றால் சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். அதற்குப் பிஸ்டனை இறக்க வேண்டியதில்லை.