டிஸ்னி டைம்ஷேர் ஆன்லைன் முன்பதிவு: பாயிண்ட்டுக்கு முன் காலண்டரைப் பாருங்கள்

அட்லாண்டாவில் இருக்கும் நாங்கள் டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒருமுறை பாயிண்ட் வாங்கிவிட்டால், வருஷா வருஷம் கணக்கில் வரும் அந்தப் பாயிண்ட்டைக் கொடுத்து டிஸ்னி ரிசார்ட்டில் அறை எடுப்பதுதான் இந்த முறை. சேரலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது "எத்தனை பாயிண்ட் வாங்கணும்?" என்றுதான். "வருஷத்துல எந்த மாசம் கிளம்புவீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆன்லைனில் அறை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததுதான்.

நாம் பாயிண்ட் வாங்கும் ரிசார்ட்தான் நமக்கு ஹோம் ரிசார்ட். எங்களுக்கு ஓல்டு கீ வெஸ்ட். 1991-இல் கிளப் தொடங்கியபோது வந்த முதல் ரிசார்ட் அது. ஹோம் ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம், மற்றவற்றில் 7 மாதம் முன்புதான். இடையில் இருக்கும் அந்த நான்கு மாதத்துக்காகத்தான் ஹோம் ரிசார்ட்டை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேங்க்ஸ்கிவிங் போன்ற விடுமுறை வாரம் என்றால், 11 மாதம் முன்பு அதே தேதியில் கிழக்கு நேரம் காலை 8 மணிக்குத் தளத்தில் உள்நுழைந்து தயாராக இருப்பேன். வந்து இறங்கும் நாளிலிருந்து ஏழு இரவுகள் வரை ஒரே மூச்சில் பிடித்துவிடலாம். குறைந்த பாயிண்ட் என்பதால் ஸ்டூடியோதான் முதலில் தீரும். ஆனால் ஊரிலிருந்து அப்பா அம்மா வரும் வருஷம் நாங்கள் ஒன் பெட்ரூம் வில்லாவைத்தான் எடுப்போம். பாயிண்ட் கணிசமாகக் கூடும்; இருந்தாலும் ஸ்டூடியோவில் மைக்ரோவேவும் சின்ன ஃப்ரிட்ஜும் மட்டும், இதில் அடுப்போடு முழுச் சமையலறை, வாஷிங் மெஷின் எல்லாம் உண்டு. நாள் முழுக்கப் பார்க்கில் நடந்துவிட்டு வந்து, அம்மா வைத்த ரசத்தோடு சாப்பிட்டுப் படுப்பது தனிச் சுகம்.

பாயிண்ட் குறைவாக வைத்திருப்பவர்கள் ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகளைப் பார்க்கலாம். வெள்ளி, சனி இரவுகளுக்குப் பாயிண்ட் அதிகம்.

நான் மிகவும் மதிக்கும் வசதி வெயிட்லிஸ்ட். கையில் ஒரு பதிவை வைத்துக்கொண்டே, விரும்பிய அறைக்குக் காத்திருக்கலாம். அனிமல் கிங்டம் கிடானி வில்லேஜ் ரிசார்ட்டில், விலங்குகள் மேயும் சவானா புல்வெளியைப் பார்த்த அறை எங்களுக்கு அப்படித்தான் அமைந்தது. மின்னஞ்சல் வந்தபோது அறை எங்கள் பெயரில் பதிவாகியே இருந்தது. பால்கனிக்குக் கீழே ஒட்டகச்சிவிங்கி இலை மேய்வதை அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பலர் கவனிக்காமல் விடுவது யூஸ் இயர். நம் பாயிண்ட் வருஷம் எந்த மாதம் தொடங்குகிறது என்பதுதான் அது. எங்களுக்கு அக்டோபர். மிஞ்சிய பாயிண்ட்டை அடுத்த வருஷத்துக்குச் சேமிக்க முதல் எட்டு மாதம்தான் அவகாசம், அதாவது மே 31 வரை. நவம்பர் பயணம் ரத்தானாலும் சேமிக்க எங்களுக்கு ஆறு மாதம் இருக்கிறது. இதே குடும்பம் ஆகஸ்டில் பயணம் போவதாக இருந்தால், ரத்தாகும்போது அந்தக் கெடுவே தாண்டியிருக்கும். அதனால் வாங்கும்போதே, வழக்கமாகப் பயணம் போகும் மாதத்துக்குச் சற்று முன்பு தொடங்கும் யூஸ் இயரைக் கேட்டு வாங்குங்கள். செகண்ட் ஹேண்டாக ரீசேலில் வாங்கினாலும் இதைப் பார்த்தே ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த வருஷப் பாயிண்ட்டைக் கடன் எடுக்கவும் தளத்திலேயே வழி உண்டு. எடுத்தது எடுத்ததுதான், அந்த அடுத்த வருஷக் கணக்குக்கே திரும்பப் போகாது. ஆகவே கடைசி பொத்தானை அழுத்துவதற்கு முன், எந்த வருஷக் கணக்கில் எவ்வளவு கழிகிறது என்பதைப் படித்துவிடுங்கள். ரத்து செய்வதாக இருந்தால் 31 நாளுக்கு முன்பே செய்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு ரத்தாகும் பாயிண்ட் ஹோல்டிங் கணக்குக்குப் போய்விடும். அதை வைத்து, அடுத்த 60 நாளுக்குள் வரும் தேதிகளுக்கு மட்டுமே அறை பிடிக்க முடியும். பள்ளி நடக்கும் மாதங்களில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியம் இல்லை.