தற்காலிக மின்னஞ்சல் முகவரி: குப்பை வந்தால் எதில் கதவை மூடுவது எளிது?

தற்காலிக மின்னஞ்சல் முகவரியை எவ்வளவு சுலபமாக உருவாக்கலாம் என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். அந்த முகவரி யார் கையிலோ சிக்கி, ஸ்பேம் கொட்ட ஆரம்பித்த பிறகு என்ன செய்வது? எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. அதை வைத்தே இந்த வழிகளை ஒப்பிடுகிறேன்.

பெரும்பாலானோரிடம் ஏற்கெனவே இருப்பது ஜிமெயிலின் கூட்டல் குறி. உங்கள் பெயருக்குப் பின் ஒரு + போட்டு, கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் அஞ்சல் உங்கள் இன்பாக்ஸுக்கே வரும். குப்பை வந்தால் அந்த முகவரிக்கு வருவதையெல்லாம் நேரே அழிக்கச் சொல்லி ஃபில்டர் போடலாம். செலவில்லை. ஆனால் +இலிருந்து @ வரை வெட்டிவிட்டால் உங்கள் அசல் முகவரி வெளியே வந்துவிடும். முகவரிப் பட்டியல் விற்பவருக்கு அது ஒரு வேலையே இல்லை. சில இணையதளங்கள் + குறியை ஏற்பதும் இல்லை. அஞ்சலைப் பிரித்து வைக்க இது நல்ல வசதி, மறைந்துகொள்ள உதவாது.

இதற்கு நேர் எதிர், 2003இல் வந்த மெயிலினேட்டர் போன்ற பொது இன்பாக்ஸ்கள். கணக்கு வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், குப்பை தானாகவே அழிந்துவிடும். சரி, ஆனால் அந்தப் பெயரை ஊகிக்கும் யாரும் அதே இன்பாக்ஸைத் திறக்கலாம். பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு அங்கே வந்தால் கணக்கு கைமாறிவிடும். ஒரே ஒரு முறை எதையாவது தரவிறக்க மட்டும் பயன்படுத்துங்கள். வங்கி, டிக்கெட், வேலை விண்ணப்பம் எதற்கும் கூடவே கூடாது.

நான் பரிந்துரைப்பது உங்கள் அசல் முகவரியை மறைத்து, அஞ்சலை உங்கள் இன்பாக்ஸுக்கு அனுப்பிவைக்கும் சேவைகளை. ஃபயர்ஃபாக்ஸ் ரிலே இலவசமாக 5 முகவரிகள் தருகிறது. 2022இல் புரோட்டான் என்ற மின்னஞ்சல் நிறுவனம் வாங்கிய சிம்பிள்லாகின் 10 தருகிறது. ஆப்பிளின் 'ஹைட் மை இமெயில்' ஐகிளவுட் பிளஸ் சந்தாவோடு வருகிறது. ஒவ்வொரு தளத்துக்கும் தனி முகவரி கொடுக்கலாம். தொல்லை கொடுப்பதை மட்டும் அணைத்துவிடலாம், மற்றவை அப்படியே ஓடும். ரிலேயின் கட்டணத் திட்டத்தில், விளம்பர அஞ்சலை மட்டும் தடுத்து ரசீதுகளை வர விடவும் வழி உண்டு. ஒரே கடையிலிருந்து இரண்டும் வரும்போது இது பெரிய நிம்மதி.

இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முகவரியை அழிக்காமல் அணைத்து மட்டும் வையுங்கள். பழைய கணக்குக்கு என்றாவது ஓடிபி தேவைப்பட்டால் மறுபடி திறந்துகொள்ளலாம். அழித்திருந்தால் அந்தக் கணக்கையே இழக்க நேரலாம். அப்புறம், இந்தச் சேவைகள் வழியாக வரும் அஞ்சலை ஜிமெயிலில் 'ஸ்பேம்' என்று புகார் செய்யாதீர்கள். ஜிமெயிலைப் பொறுத்தவரை அதைக் கொண்டுவந்து கொடுத்தது அந்தச் சேவையின் சர்வர்தான். புகார் சேரச் சேர அதன் நற்பெயர் கெடும். அதை நம்பியிருக்கும் மற்றவர்களின் நல்ல அஞ்சலும் ஸ்பேமில் போய் விழும். முகவரியை அணைப்பதே சரியான வழி.

சொந்த டொமைன் (முகவரியில் @க்குப் பின் வரும் பெயர்) வாங்கி, எந்தப் பெயரில் வந்தாலும் ஏற்கும் கேட்ச்-ஆல் வைப்பது கடைசி வழி. எந்த நிறுவனம் மூடினாலும் முகவரிகள் உங்களுடையவை. ஆனால் ஸ்பேமர்கள் இன்ஃபோ, அட்மின், சேல்ஸ் என்று ஊகித்து அனுப்புவதும் உள்ளே வரும். கெட்டுப்போன முகவரியை வாசலிலேயே, 550 பிழையோடு (அஞ்சலை ஏற்கவில்லை என்று அனுப்பும் சர்வருக்குச் சொல்லும் குறியீடு), மறுக்கும்படி சர்வரை அமைக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பியனுப்பினால், ஸ்பேமர் அனுப்புநராகப் போலியாகப் போட்ட ஏதோ ஓர் அப்பாவியின் இன்பாக்ஸில் அது போய் விழும். இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, டொமைனைப் புதுப்பிக்க மறப்பது. அதை வேறொருவர் வாங்கினால் உங்கள் கணக்குகளின் பாஸ்வேர்டு ரீசெட் அஞ்சல்கள் அவருக்குப் போகும். ஆண்டுதோறும் தவறாமல் பணம் கட்டிப் பராமரிக்க முடிந்தவர்கள் மட்டும் இந்த வழிக்கு வரலாம்.