மழலையர் வகுப்புக்கு வாங்கிய மரக்கட்டைகள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

நான்கு வயதுக் குழந்தைகள் 18 பேர் படிக்கும் எங்கள் மழலையர் வகுப்புக்காகச் சென்ற ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்திலேயே, 112 துண்டுகள் கொண்ட மரக்கட்டைத் தொகுப்பு ஒன்றை 9,400 ரூபாய்க்கு வாங்கினோம். ஒரு கல்வியாண்டு முழுவதும், நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் குழந்தைகளின் கையில் புழங்கிய பொருள் என்பதால், அதன் நிறைகுறைகளை ஓரளவு உறுதியோடு எழுத முடிகிறது.

கடையில் கிடைக்கும் வண்ணக் கட்டைகளுக்கும் இவற்றுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அளவில் இருக்கிறது. அடிப்படைக் கட்டை 14 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் 3.5 செ.மீ. தடிமனும் கொண்டது, அதாவது 4:2:1 என்ற விகிதம். இதில் இரண்டை நீளவாக்கில் சேர்த்தால் ஓர் இரட்டைக் கட்டை, இரண்டு அரைக்கட்டைகளைச் சேர்த்தால் ஓர் அடிப்படைக் கட்டை என்று எல்லாம் ஒன்றோடொன்று கணக்காகப் பொருந்தும். ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் 1837இல் சிறுவர்களுக்கான நிலையத்தைத் தொடங்கிய ஃபிரெடரிக் ஃபிரோபெல், எட்டுச் சிறு கனசதுரங்கள் சேர்ந்து ஒரு பெரிய கனசதுரமாகும் கட்டைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவை மேசைமேல் வைத்து விளையாடத்தக்க சிறியவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பள்ளி நடத்திய கரோலின் பிராட், தரையில் பரப்பி, நடந்துபோய் எடுத்துவந்து, உடம்பு முழுவதையும் வளைத்துக் கட்டும்படியான பெரிய கட்டைகளை வடிவமைத்தார். நாங்கள் வாங்கியது இந்த இரண்டாம் வகை.

விளையாட்டில் என்ன கற்கிறார்கள் என்பதற்கு ஆகஸ்ட் மாதத்துக் காலை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறுவன் இரண்டு கட்டைகளை ஒரு சாண் இடைவெளியில் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின் மேலே ஓர் அடிப்படைக் கட்டையை வைக்க முயன்றான். அது எட்டவில்லை, விழுந்தது. மூன்று முறை அப்படியே விழுந்தபின், இன்னொரு கட்டையை எடுத்து, இரண்டையும் முனையோடு முனை சேர்த்து அந்தரத்தில் பிடித்தான். கையை எடுத்ததும் இரண்டும் விழுந்தன. பிறகு தூண்களை நெருக்கி வைத்தான். மேலே கட்டை உட்கார்ந்துவிட்டது, ஆனால் அவனுடைய பெரிய மர லாரி அந்த வாசலுக்குள் நுழையவில்லை. மறுபடியும் தூண்களை விலக்கிவிட்டு, கட்டைகள் வைத்திருந்த அடுக்கின் முன்னால் சற்று நேரம் நின்றவன், இரட்டைக் கட்டையை எடுத்து வந்து இரண்டு தூண்களின் மேலும் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த சிறுமியிடம், “ரெண்டு சின்னது வேணாம், ஒரு பெருசு போதும்” என்றான். ஏறக்குறைய 25 நிமிடங்கள் நடந்த இந்த முயற்சியில் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால், முதல் நிமிடத்திலேயே அவனுக்குரிய கண்டுபிடிப்பு என்னுடைய அறிவுரையாக மாறிப் போயிருக்கும்.

இனிக் குறைகள். சில வாரங்களிலேயே, உயரமாகக் கட்டும் கோபுரங்கள் ஒரு பக்கமாகச் சாய்வதைக் கவனித்தேன். கை நடுங்குகிறது என்று குழந்தைகளே தங்களைக் குறை சொல்லிக்கொண்டதுதான் என்னை வருத்தியது. தச்சு வேலை செய்யும், எங்கள் மாணவி ஒருத்தியின் தாத்தா, அவளை அழைத்துப்போக வந்தபோது மூலைமட்டத்தையும் அளவுகோலையும் வைத்துப் பார்த்தார். சில கட்டைகளின் தடிமன் 2 மி.மீ. வரை குறைந்திருந்தது. எட்டுக் கட்டைகளை அடுக்கினால் இந்தக் குறை 16 மி.மீ. வரை கூடிவிடும், அதன்மேல் பாலம் எப்படி நேராக நிற்கும்? “மரத்தில குறை இல்லை டீச்சரம்மா, சரியாக் காயாத மரத்தை அறுத்திருக்காங்க. காஞ்சப்புறம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமாச் சுருங்கிருச்சு” என்றார். தவறிய 14 கட்டைகளைப் பற்றி எழுதியதற்கு, தயாரித்தவர்கள் ஆறு வாரம் கழித்து ஒன்பதை மட்டும் மாற்றித் தந்தார்கள். சிலாம்பு எழுந்த விளிம்புகளை அந்தத் தாத்தாவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அளவில் துல்லியம் இல்லையென்றால் இந்த வகைக் கட்டைகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளே இல்லை என்பது என் கருத்து.

இதைவிடப் பெரிய குறை, தொகுப்பின் சேர்மானத்தில் இருந்தது. 112 துண்டுகளில் அடிப்படைக் கட்டை 34, இரட்டைக் கட்டை 10. மீதி 68 துண்டுகளில் பெரும்பாலானவை வளைவு, உருளை, முக்கோணம், கூம்பு என்று படத்தில் பார்க்க அழகான வடிவங்கள். ஒரே நேரத்தில் ஆறு குழந்தைகள் கட்டினால், ஒருவருக்கு ஆறு அடிப்படைக் கட்டைகள்கூட வராது. முதல் பருவம் முழுவதும் நாங்கள் கண்ட சண்டைகளுக்கெல்லாம் வேர் இதுதான். பகிர்ந்து விளையாடும் பழக்கம் இன்னும் வரவில்லை என்று நான் குழந்தைகளைத் தவறாக எடைபோட்டிருந்தேன். நவம்பரில் வேறொருவரிடம் 40 அடிப்படைக் கட்டைகளும் 20 இரட்டைக் கட்டைகளும் மட்டும் தனியாக வாங்கினோம். அடுத்த வாரமே விளையாட்டின் தன்மை மாறிவிட்டது. தனித்தனியாக வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து ஒரு பேருந்து நிலையம் கட்டத் தொடங்கினார்கள். மூன்று நாள் நீடித்த அந்த வேலையில் நடைமேடை, டீக்கடை, கழிப்பறை எல்லாம் இருந்தன. கட்டி முடியாததைக் கலைக்காமல் மறுநாளைக்கு அப்படியே விட்டுவைக்க இடம் இருந்ததால்தான் இது நடந்தது. ஆகவே வாசலுக்கும் நடைபாதைக்கும் விலகிய ஒரு மூலையைக் கட்டைகளுக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. அங்கே கோரைப்பாய் விரிக்க வேண்டாம். அதன் வரிகளால் அடித்தளம் ஆடும். ஜமுக்காளத்தை இழுத்து விரித்தால் சத்தமும் குறையும், தளமும் சமமாக இருக்கும்.

“பிள்ளை கட்டையே அடுக்கிக்கிட்டு இருக்கு, எப்ப மிஸ் எழுதும்?” என்று கேட்ட பெற்றோருக்கு, நான் பதில் சொல்வதைவிட, அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தவர்கள் மறுபடியும் கேட்கவில்லை. நம் அரசு அங்கன்வாடிகளில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரிலேயே முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் இருப்பதையும், 3 முதல் 8 வயது வரைக்குமாக 2022இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் விளையாட்டையே கற்றலின் மையமாக வைத்திருப்பதையும் சொல்வதும் உதவுகிறது.

வாங்க நினைப்பவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. தொகுப்போடு வரும் மூடிய பெட்டியில் கட்டைகளைக் கொட்டி வைத்தால், குழந்தைக்கு வேண்டியது எப்போதும் அடியில் போய்விடும். ஒவ்வொரு வடிவத்தின் உருவத்தையும் தாளில் வெட்டி ஒட்டிய திறந்த அடுக்கில் வைத்தோம். எடுத்த இடத்தில் திருப்பி வைப்பதே பொருத்திப் பார்க்கும் பயிற்சியாகிவிட்டது.

வரும் ஜூனுக்கு இரட்டைக் கட்டைகள் 24 மட்டும் கேட்டு எழுதியிருக்கிறோம். கட்டைகள் வந்து இறங்கும் நாளில் மூலைமட்டத்தோடு வருவதாக அந்தத் தாத்தா சொல்லியிருக்கிறார்.