ஆய்வுக்கென ஆக்கிய விளையாட்டா, ஊரே ஆடும் விளையாட்டா?

திருகோணமலையில் வீடியோ கேம் வழியாக மனித நடத்தையை ஆராய விரும்பும் உளவியல் மாணவர், ஆய்வுக்கென்றே உருவாக்கப்பட்ட விளையாட்டு, இளைஞர்கள் ஏற்கெனவே ஆடிவரும் வணிக விளையாட்டு என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

முதல் வகைக்கு 2016இல் வெளிவந்த ‘சீ ஹீரோ குவெஸ்ட்’ நல்ல சான்று. வரைபடத்தை மனத்தில் இருத்திக்கொண்டு படகைச் செலுத்தி இலக்குகளை வரிசையாக அடைய வேண்டிய அவ்விளையாட்டை உலகெங்கும் 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆடினர். ஒவ்வொருவரும் சென்ற பாதையுடன், விரும்பியோர் தந்த வயது முதலிய விவரங்களும் பதிவானதால், நகரத்துக்கு வெளியே வளர்ந்தோர் சராசரியாக வழியறிவதில் சிறந்திருப்பதை 2022இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்ட முடிந்தது. (கடலோர ஊரான நிலாவெளியில் தோணியோடு வளர்ந்தவரையும் நகருக்குள் வளர்ந்தவரையும் இவ்வாறு ஒப்பிடலாமே.)

இரண்டாம் வகையில் ஆய்வாளர் எதையும் திட்டமிடுவதில்லை. 2005இல், பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டுக்குள் கணினி நிரலில் நேர்ந்த பிழையால் கற்பனைத் தொற்றொன்று பரவியபோது சிலர் தப்பியோடினர், சிலர் பிறரைக் குணப்படுத்த முன்வந்தனர், சிலர் வேண்டுமென்றே பரப்பினர், வேடிக்கை பார்க்கப் போய் அகப்பட்டோரும் இருந்தனர். ஆய்வு வினாக்கொத்தில், தாம் தொற்றை வேண்டுமென்றே பரப்புவோர் என்று எவர் ஒப்புக்கொள்வார்? எனினும் திரைக்குப் பின்னாலிருப்பவர் யாரென்பது தெரியாது, தரவும் விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் கையிலேயே இருக்கும், உயிராபத்தில்லாத இடத்துத் துணிச்சலை நிஜ வாழ்வின் துணிச்சலாகக் கொள்ளவும் இயலாது.

சில பத்துப் பேருடன் தொடங்கும் மாணவருக்கு முதல் வகையே ஏற்றது என்பேன். அளக்க வேண்டியது ஒன்றேயாயின் எளிய விளையாட்டே போதும், பங்கேற்பாளரிடமும், பதினெட்டு வயதுக்குட்பட்டோராயின் பெற்றோரிடமும், முன்கூட்டியே ஒப்புதல் பெறவும் அதில் வழியுண்டு.